முஷிபன்: பாதி நம்ம சொல்தான்

"பெரியம்மா, இது ஜப்பான் கேக். பேர் முஷி பேன்" என்று தங்கை மகள் கைப்பேசியைப் பார்த்துப் படித்தாள். 'பேன்' காதில் விழுந்ததுமே பக்கத்தில் இருந்த அம்மாவின் கை தன்னால் தலைக்குப் போனது. வேடிக்கை என்னவென்றால், ஜப்பானிய மொழியில் 'முஷி' என்றால் பூச்சி என்றும் பொருள் உண்டு. பூச்சியும் பேனும் சேர்ந்த பலகாரத்தை யார் தின்பது?

பேன் வந்தது ஆங்கில எழுத்துக்கூட்டலால். ஜப்பானியர் சொல்வது 'முஷிபன்'. அந்தப் பகரம் குறில். கடைசி ஒலி வாயில் முடியாமல் மூக்கில் போய் நிற்கும். வறுக்கும் சட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. நம் டீக்கடைக் கண்ணாடி ஜாடிக்குள் இருக்கும் பன்னுக்கும் இல்லை. மைதா, சர்க்கரை, முட்டை, பால், பேக்கிங் பவுடர் எல்லாம் கரைத்து, சின்னக் காகிதக் கோப்பைகளில் ஊற்றி, ஆவியில் வேகவைத்து எடுப்பது முஷிபன். 'கப் கேக்' என்பது வெளியார் பார்த்த மாத்திரத்தில் வைத்த பெயர். ஜப்பானியச் சொல்லோ இதை ரொட்டிக் குடும்பத்தில் சேர்க்கிறது.

சரி, அந்த 'பன்' எங்கிருந்து வந்தது? போர்ச்சுக்கீசியரிடமிருந்து. 1543இல் தானேகாஷிமா தீவில் அவர்கள் கரையேறியது ஜப்பான் வரலாற்றில் பெரிய விஷயம். துப்பாக்கி வந்தது அப்போதுதான். பின்னாலேயே அவர்களுடைய ரொட்டியும், அதற்கு அவர்கள் சொன்ன 'பாவ்ங்' என்ற பெயரும் வந்தன. மூக்கால் சொல்லும் அந்தச் சொல் ஜப்பானியர் வாயில் 'பன்' ஆயிற்று. கொரியர்கள் அதை ஜப்பானியரிடமிருந்து வாங்கி 'ப்பாங்' என்கிறார்கள். கோவாவில் அதே சொல் 'பாவ்'. மும்பையில் வடாபாவ் தின்றவர்கள் எல்லாரும் இந்தச் சொல்லையும் சேர்த்துத்தான் தின்றிருக்கிறார்கள்.

இலங்கைத் தமிழர்கள் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு ரொட்டி என்றால் வேறு; பேக்கரியில் றாத்தல் கணக்கில் வாங்குவது பாண். அச்சுப்பாண், றோஸ்பாண், பாணும் சம்பலும் என்று அன்றாடம் புழங்கும் அந்தச் சொல் போர்ச்சுக்கீசியர் 1505இல் இலங்கைக்கு வந்த பிறகு தங்கிவிட்டது. ஜப்பானியரின் பன்னும் யாழ்ப்பாணத்துப் பாணும் உடன்பிறப்புகள். பிறந்த வீடு ஒன்று, இறங்கிய துறைமுகம் வேறு. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தச் சொல் கைக்கு வராமல் போனது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சாவி, மேசை, அலமாரி, சன்னல், கோப்பை எல்லாவற்றையும் போர்ச்சுக்கீசியரிடம் வாங்கிக்கொண்டு பாணை மட்டும் விட்டுவிட்டோம். இத்தனைக்கும், 1542 முதல் முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே இருந்த பிரான்சிஸ் சவேரியார்தான் 1549இல் ஜப்பானின் ககோஷிமாவில் போய் இறங்கினார். இரண்டு கரைக்கும் போய் வந்தவர்கள் அதே போர்ச்சுக்கீசியர்தான்.

இனி 'முஷி'. 'முசு' என்பது ஆவியில் வேகவைத்தலைக் குறிக்கும் வினை. அதன் எழுத்தின் அடியில் வரிசையாக நான்கு புள்ளிகள் இருக்கும். அவை அடுப்பு நெருப்பு. பூச்சியைக் குறிக்கும் 'முஷி'க்கு எழுத்தே வேறு, ஒலி மட்டும் ஒன்று. சிறு கிண்ணத்தில் முட்டையை ஆவியில் கட்டியாக வேகவைக்கும் 'சாவன்முஷி'யிலும் இதே முஷிதான். கோடையில் காற்றே இல்லாமல் உடம்பு கசகசக்கும் நாளை 'முஷி அட்சுய்' என்பார்கள், அவிக்கிற சூடு என்று.

நமக்கு அந்த நாள் புழுக்கம். நெல்லைப் புழுக்கினால் புழுங்கல் அரிசி. யாழ்ப்பாணத்தில் பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பொருநராற்றுப்படையில் பொருநர் என்ற கலைஞர்கள் தின்னும் ஆட்டிறைச்சிக்குப் பெயர் 'துருவையம் புழுக்கு'. அப்புறம், புழுவும் பக்கத்திலேயே நெளிகிறது! அவிப்பது, வானிலை, சிற்றுயிர் மூன்றும் ஜப்பானியத்தில் ஒரே ஒலிக்குள் வந்து நிற்பதுபோல், தமிழிலும் 'புழு' என்ற ஒலியைச் சுற்றியே நிற்கின்றன. இதை வைத்து இரண்டு மொழிக்கும் உறவு கொண்டாட வேண்டாம். தற்செயல்தான். ஆனால் முதல் தடவை கவனித்தபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'ஆவியில் வேகவைத்த கோப்பைக் கேக்' பெயர் இல்லை, செய்முறை. 'நீராவிக் குவளை அணிச்சல்' என்றால் அடுப்படியில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். புழுக்குபாண் பொருளில் சரி, ஆனால் தின்னும் ஆசையைக் கெடுத்துவிடும். நான் சொல்வது அவிபாண். ஆவிப்பாண் வேண்டாம். 'முஷி' பெயர்ச்சொல்லாக நிற்கவில்லை, வினையாக நின்று அடுத்த சொல்லோடு ஒட்டுகிறது. நம் வினைத்தொகையும் அப்படித்தான். ஊறுகாய், சுடுசோறு போல, அவித்த, அவிக்கிற, அவிக்கும் பாண் மூன்றும் அவிபாண். நடுவில் 'ப்' மிகாது. மூலச்சொல்லின் எலும்புக்கூடு அப்படியே தமிழில் வந்துவிடுகிறது, பாதிச் சொல்லோ ஏற்கெனவே இலங்கையில் தமிழாகவே இருக்கிறது. இவ்வளவு வாகாக அமையும் சொல் அடிக்கடி கிடைப்பதில்லை.

செய்வதற்கு இட்லிப் பானை போதும். ஒரு முட்டை, 40 கிராம் சர்க்கரை, 70 மில்லி பால், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். இதில் 100 கிராம் மைதாவும் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் சலித்துப் போட்டு, மாவு மறைந்ததும் கலக்குவதை நிறுத்திவிட வேண்டும். அடித்துக் கலக்கினால் ரப்பராகிவிடும். காகிதக் கோப்பையைத் தனியே வைத்தால் மாவின் கனத்தில் அகன்று சரியும். சின்னக் கிண்ணத்துக்குள் இறக்கி முக்கால் அளவு ஊற்றுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே உள்ளே வைத்து, பெரிய தீயில் 12 முதல் 15 நிமிடம். என் முதல் ஈடு மூடியிலிருந்து சொட்டிய நீரில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்து வந்தது. அடுத்த தடவை மூடியைத் துணியால் சுற்றினேன். மேற்புறம் பருத்திக்காய் வெடித்ததுபோல் மூன்றாகப் பிளந்து உப்பியது. அந்தப் பிளவுதான் அழகு. சிவக்கவில்லையே என்று பார்க்காதீர்கள். ஆவி 100 டிகிரியைத் தாண்டாது. மாவு சிவக்க அந்தச் சூடு போதாது.

வடகிழக்கு ஜப்பானில், இவாத்தே, மியாகி பக்கம், 'கன்சுகி' என்று ஒரு நாட்டுப்புற வகை உண்டு. பேக்கிங் பவுடருக்குப் பதில் சமையல் சோடாவும் வினிகரும், மேலே கருப்பு எள்ளும். வட்டமான பாண் நிலா, எள் அதன் குறுக்கே பறக்கும் காட்டு வாத்துகள். கன் வாத்து, சுகி நிலா என்று பெயருக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள்.

அம்மா ஒன்று தின்றுவிட்டு "இனிப்பு இட்லி" என்று முடித்துவிட்டார். இட்லி மாவு ராத்திரி முழுக்கப் புளிக்க வேண்டும், இது கால் மணி நேர வேலை, இரண்டும் ஒன்றில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "சட்னி இல்லையா?" என்றார்.