எல்லாக் காதும் ஷெல்லால் கெடவில்லை

வன்னியில் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குக்கு வரும் நடுவயதினரிடம் எப்போதிருந்து காது கேட்பதில்லை என்று கேட்டால், "அது ஷெல்லடியில போனது டொக்டர்" என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. யுத்தம் முடிந்த 2009 வரை இங்கு வாழ்ந்தவர்கள் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பதிலோடு பேச்சு முடிந்துவிடுவதால், மருந்தாலோ சத்திரசிகிச்சையாலோ திருத்தக்கூடிய காதுகளும் வருடக்கணக்கில் கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன.

வெடியதிர்வு காதை நடுக்காது, உட்காது என இரண்டு இடங்களில் தாக்கும். திடீரென உயரும் காற்றழுத்தத்தால் செவிப்பறை கிழியலாம். அதன் பின்னுள்ள மூன்று சிற்றென்புகளின் இணைப்பு விலகலாம். உட்காதில் உள்ள மயிர்க்கலங்களும் அழியலாம். மனிதரில் அவை மீண்டும் உருவாவதில்லை. சிறிய கிழிசல் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் தானாகவே மூடிக்கொள்ளும். மூடாமல் எஞ்சிய ஓட்டை வழியே குளத்து நீரும் கிருமிகளும் உள்ளே போகும்போதுதான் காதில் சீழ் வடியத் தொடங்குகிறது.

பாதிப்பு எங்கே என்று முதலில் ஊகிக்க 512 ஹேர்ட்ஸ் இசைக்கவை ஒன்றே போதும். ஒட்டுசுட்டான் பக்கத்து விவசாயி ஒருவரின் நெற்றி நடுவில் அதைத் தட்டி வைத்தபோது, "கேக்காத காதிலதான் கூட இரையுது" என்று நம்பமாட்டாதவராகச் சொன்னார். உட்காது கெட்டிருந்தால் ஒலி நல்ல காதின் பக்கமே சாயும். கேட்காத காதின் பக்கம் சாய்ந்தால் குறை வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது. அவருடைய செவிப்பறையில் இருந்தது ஓட்டை. ஷெல் விழுந்ததும் உண்மைதான், ஆயினும் அந்த ஓட்டை அடைக்கக்கூடியது. வேறு சிலரிடம் வெறும் காதுக்குடும்பி இறுகி அடைத்திருப்பதையும் காண்கிறோம்.

யுத்தத்தைக் காணாத பிள்ளைகளுக்கும் காதில் சீழ் வடிகிறது. மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சிறுவர்களில் குட்டையாகவும் கிடையாகவும் இருப்பதால் தடிமன் எளிதில் காதுக்கு ஏறுகிறது. உடனே உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விடுவதும் கோழியிறகால் குடைவதும் நம் வீடுகளில் இன்னும் நிற்கவில்லை. ஓட்டையுள்ள காதில் அந்த எண்ணெய் நேரே நடுக்காதுக்குப் போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேல் வடியும் காதைக் கட்டாயம் காட்டவேண்டும். கொஞ்சமாக, ஆனால் துர்நாற்றத்துடன் வடிந்தால் இன்னும் விரைவு தேவை. கொலெஸ்டியட்டோமா எனப்படும் தோற்பை எலும்பை அரித்து முகநரம்பையும் மூளையையும் எட்டக்கூடும்.

அரிசி ஆலையும் உழவு இயந்திரமும் சத்தமின்றிக் கெடுப்பவையல்ல, ஆனாலும் அவற்றை யாரும் குற்றஞ்சாட்டுவதில்லை. 85 டெசிபெல்லில் எட்டு மணித்தியாலம் எல்லை என்றால், மூன்று டெசிபெல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. காவற்கொட்டிலில் இருந்து யானையை விரட்ட எறியும் யானைவெடி அருகில் வெடித்தால் ஒரே தடவையிலும் சேதம் நேரலாம். இழப்பு முதலில் 4000 ஹேர்ட்ஸ் அளவிலுள்ள உயர்சுருதி ஒலிகளில் தொடங்குவதால், "ஆள் கதைக்கிறது கேக்குது, சொல்லுறதுதான் விளங்குதில்லை" என்று முறையிடுவார்கள்.

ஒரு நாள் காலையில் எழும்பும்போது ஒரு காது மட்டும் கேட்காமற் போயிருந்தால், அது பழைய ஷெல் காதாக இருந்தாலும் அன்றே வைத்தியசாலைக்கு வரவேண்டும். இதற்கான ஸ்டீரொயிட் சிகிச்சையை முதல் சில நாட்களிலேயே, பிந்தினாலும் இரண்டு வாரத்துக்குள், தொடங்கினால்தான் கேட்டல் திரும்ப நல்ல வாய்ப்புண்டு. மாதங்கள் கழித்து வருபவருக்குப் பெரும்பாலும் கேட்டற்கருவியைத்தான் கொடுக்கமுடிகிறது.