கரண்ட் பில் எகிறினால் முதலில் சூடாகும் பொருளைத் தேடுங்கள்

“லைட்டைக்கூட அணைத்து அணைத்துத்தான் வைக்கிறோம், மீட்டர்தான் கோளாறு.” பில் கூடிவிட்டது என்று கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள். வீடுகளில் மின் பழுது பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மீட்டர் கோளாறு அரிது. பில்லை ஏற்றுவது அநேகமாக எதையாவது சூடாக்கும் சாதனம்தான்.

9 வாட் எல்.இ.டி. பல்பு எட்டு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. 2000 வாட் ரூம் ஹீட்டர் அதே எட்டு மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் 16 யூனிட். தண்ணீரும் அப்படித்தான். 100 லிட்டரை 30 டிகிரி சூடேற்ற சுமார் மூன்றரை யூனிட் வேண்டும். காயில் (கரண்ட் பாய்ந்தால் சூடாகும் கம்பிச்சுருள்) வைத்த ஹீட்டர் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் இதற்குக் கீழே போகாது.

அதனால்தான் ‘கரண்ட்டை மிச்சப்படுத்தும் ஹீட்டர்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. எண்ணெய் ஹீட்டரோ, ஃபேன் ஹீட்டரோ, செராமிக் ஹீட்டரோ, இழுக்கிற கரண்ட் முழுவதும் வெப்பமாகத்தான் மாறுகிறது. வாட் ஒன்றானால் செலவும் ஒன்றுதான். விலக்கு ஹீட் பம்ப் மட்டுமே. வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே கொண்டுவருவதால் ஒரு யூனிட் செலவில் மூன்று யூனிட் அளவு வெப்பம்கூடத் தரும். சூடாக்கும் வசதியுள்ள ஏ.சி.யும் இதே வகைதான். கடுங்குளிரில் பலன் குறையும். சிலவற்றில் அப்போது துணைக்கு இருக்கும் காயில் தானாகவே ஓடத் தொடங்கி பில்லை ஏற்றிவிடும்.

சரி, உங்கள் வீட்டில் எது இழுக்கிறது? முதலில் பில்லில் உள்ள ரீடிங்கை மீட்டரோடு ஒப்பிடுங்கள். ஆள் வந்து பார்க்காமல் உத்தேசமாகப் போட்ட ரீடிங்காகவும் இருக்கலாம். அது சரியாக இருந்தால், எல்லா ஸ்விட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் எடுத்துவிட்டு, மீட்டரில் மினுங்கும் சிறு விளக்கைக் கவனியுங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுங்கல் என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். இன்னும் வேகமாக மினுங்குகிறதா? மெயின் போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் உள்ள எம்.சி.பி. ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக இறக்குங்கள். எதை இறக்கியதும் நிற்கிறதோ, அந்த லைனில்தான் வில்லங்கம்.

ஒரு வீட்டில் அது, ஸ்விட்ச் வைக்காமல் நேரடியாக இணைத்திருந்த வாட்டர் ஹீட்டர் லைன். குளியலறை உலர்ந்து கிடந்தது, எந்தக் குழாயும் சொட்டவில்லை. ஆனால் வெறுங்காலோடு நடந்தபோது நடைவழியில் ஓரிடத்தில் மட்டும் தரை வெதுவெதுப்பாக இருந்தது. அதற்கடியில் சுடுநீர்க் குழாய் கசிந்துகொண்டிருந்தது. போன தண்ணீருக்கு ஈடாக ஹீட்டர் இரவு பகலாகப் புதுத் தண்ணீரைச் சூடாக்கியிருக்கிறது.

இன்னொரு காரணம் பணத்தைவிட உயிருக்கு ஆபத்தானது. காயிலின் உறை அரித்துப்போனால் கரண்ட் எர்த் வழியாகக் கசியும். கரண்ட் கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் இருந்தால் உடனே கட் ஆகும். அது அடிக்கடி விழுகிறது என்று எரிச்சல்பட்டு நேரடியாக இணைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

செலவைக் குறைக்க நிஜமாகவே உதவுவது வெப்பநிலையைச் சற்று இறக்குவதுதான். வீட்டுக்குள் 20 டிகிரி, வெளியே 0 என்றால், 1 டிகிரி இறக்கினாலே வெளியேறும் வெப்பம் சுமார் 5 சதவீதம் குறையும். கதவிடுக்கை அடைப்பதும், ஆள் இருக்கும் அறையை மட்டும் சூடாக்குவதும் கைகொடுக்கும். தேக்கி வைக்கும் ஹீட்டரில் மட்டும் தண்ணீரை 60 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி பெருகும். கைக்குழந்தையோ முதியவரோ இருக்கும் அறையில் பில்லுக்குப் பயந்து ஹீட்டரை அணைத்துவிடவும் வேண்டாம். குளிர்ப் பிரதேச வீடுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு 18 டிகிரி. இவர்களுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படலாம்.