முன்பணம் கொடுக்கும் முன் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

முதல் வீடு வாங்கும் தம்பதிகள் பெரும்பாலும் முன்பணம் கொடுத்த பிறகுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அதற்குள் எந்தச் சுவரை இடிப்பது, எந்த நிறம் அடிப்பது, சமையலறை அலமாரி எப்படி அமைய வேண்டும் என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். போனில் படங்களும் தயாராக இருக்கும். அந்த வீட்டுக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பழைய வீடுகளைச் சோதித்துச் சொல்லும் கட்டடப் பொறியாளராக நான் பார்த்தவரை, புதுப்பிக்க ஒதுக்கிய பணத்தை வேறெதையும்விட அதிகமாக விழுங்குவது ஈரம்தான்.

வீட்டை ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முடிந்தால் பலத்த மழை பெய்த மறுநாள் இன்னொருமுறை போய்ப் பாருங்கள். வீடு முழுவதும் பெயிண்ட் அடித்திருந்தால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை, விற்பவர் எல்லோரும் செய்வதுதான். ஒரே அறையில், அதிலும் ஒரே சுவரில் மட்டும் புதுப் பெயிண்ட் பளிச்சென்று இருந்தால் அங்கே நின்று நிதானமாகப் பாருங்கள். புறங்கையை வைத்தால் பக்கத்துச் சுவரைவிடச் சில்லென்று இருக்கிறதா? விரல் மடக்கித் தட்டினால் பூச்சு உள்ளே விட்டுப்போனதுபோல் ‘டொக் டொக்’கென்று கேட்கிறதா? தரையோரம் வெள்ளைப் பொடி உதிர்ந்து கிடக்கிறதா? மூன்றில் இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றால், காரணம் தெரியாமல் விலை பேச வேண்டாம்.

கறை இருக்கும் இடமே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் 1 மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். அதன் மேல் விளிம்பில் உப்பு பூத்த கோடு ஓடும். சீலிங்கை ஒட்டிய கறை என்றால் மேல்தளத்தையோ மழைநீர்க் குழாயையோ பார்க்க வேண்டும். சுவரின் நடுவில் தனியாக ஒரு திட்டு, மழையே இல்லாத மாதத்திலும் காயாமல் இருந்தால் உள்ளே குழாய் கசிகிறது. குளியலறையின் பின்பக்கச் சுவரில் இது அடிக்கடி நடக்கும். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு இரவில் தண்ணீர் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் தண்ணீர் தொடாமலே காலையில் எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது.

அறைக் காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் படிவதும் உண்டு. அதைப் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. சுமார் 45 செ.மீ. சதுரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். நீர்த்துளி தாளுக்குப் பின்னால் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்பக்கத்தில் இருந்தால் அறைக்குக் காற்றோட்டம் போதவில்லை. ஒரு எக்ஸாஸ்ட் விசிறியில் தீரக்கூடிய விஷயம் அது. இரண்டுக்கும் செலவில் இருக்கும் வித்தியாசம் மிகப் பெரியது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பட்டி பார்த்து, மேலே வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்து மூடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் செலவு. பின்னாலிருந்து வரும் நீர் வெளியேற வழியில்லாமல் பெயிண்டையே கொப்பளமாகத் தள்ளிவிடும். அதோடு அந்தப் பணமும் போய்விடும்.

அடுத்து காங்கிரீட். சன்ஷேடு, சீலிங், பீம் இவற்றின் அடிப்பக்கத்தில் கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக விரிசல் இருந்தால், அல்லது பூச்சு பெயர்ந்து கம்பி தெரிந்தால், ‘சிமெண்ட் வைத்துப் பூசிவிடலாம்’ என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நல்ல காங்கிரீட்டின் காரத்தன்மை, பிஎச் என்ற அளவுகோலில் 12க்கு மேல் இருக்கும். அந்தக் காரம்தான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. வருடக்கணக்கில் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே இறங்க இறங்க அது குறையும். 9க்குப் பக்கத்தில் வந்ததும் பாதுகாப்பு போய்விடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில்தான் காங்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. பெயர்ந்ததைத் தட்டி எடுத்து, கம்பியைச் சுற்றிலும் சுத்தம் செய்து, மெலிந்திருந்தால் கூடுதல் கம்பி சேர்த்து, அதற்கான கலவை வைக்க வேண்டும். மேலே பூசி மறைத்தால் துரு உள்ளே தொடர்ந்து வேலை செய்யும், மேலே பூசியது ஒருநாள் யார் தலையிலாவது விழும்.

விரிசல் எல்லாமே ஆபத்தில்லை. பூச்சில் தலைமுடி அளவு வலைபோல் இருப்பவை பெரும்பாலும் பூச்சு காயும்போது வந்தவை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, செங்கல் அடுக்கைப் படிபடியாக வெட்டிக்கொண்டு போவது வேறு ரகம். அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். சில மாதங்களில் கோட்டைத் தாண்டியிருந்தால் அது இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது.

இனி சுவர் இடிப்பதற்கு வருகிறேன். ஹாலையும் சமையலறையையும் ஒன்றாக்க வேண்டும் என்ற ஆசை இல்லாத இளம் தம்பதியைப் பார்ப்பது அரிது. ஆசையில் தவறில்லை. ஆனால் ‘இது சும்மா தடுப்புச் சுவர்தான்’ என்பதைக் கையில் சம்மட்டியோடு நிற்பவர் முடிவு செய்யக் கூடாது. 3 மீட்டர் உயரமும் 23 செ.மீ. தடிமனும் உள்ள செங்கல் சுவர், ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 1,300 கிலோ எடை இருக்கும். மாடியில் அதே நேர்கோட்டில் இன்னொரு சுவர் நிற்கிறது என்றால் அந்த எடையும், அது சுமக்கும் தளத்தின் எடையும் கீழ்ச்சுவர் வழியாகத்தான் தரைக்குப் போகின்றன. மெல்லிய சுவர் எதையும் தாங்காது என்பதும் நம்பக்கூடியதல்ல. பழைய வீடுகளில் 11 செ.மீ. சுவர்மேல் தளம் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். தூணும் பீமும் எங்கே, தளத்தின் கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சோதித்த பிறகே இடிப்பதா வேண்டாமா என்ற பேச்சு.

இடிக்காமல் கீறுவதும் கவனிக்க வேண்டியதே. குழாய், வயர் பதிக்கச் சுவரில் கிடைமட்டமாகக் கீறினால் ஆழம் தடிமனில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. செங்குத்தாகக் கீறினால் மூன்றில் ஒரு பங்கு. 11 செ.மீ. சுவரில் ஆறில் ஒரு பங்கு என்பது 2 செ.மீ.க்கும் குறைவு. கட்டர் பிடிப்பவரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பழைய தரைமேலேயே புது டைல்ஸ் ஒட்டும் யோசனை வந்தால் கலவையின் கனத்தைக் கேளுங்கள். 5 செ.மீ. கலவையும் டைல்ஸும் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் கூடும். வீட்டுத் தளங்களில் ஆட்கள், சாமான்கள் எல்லாவற்றுக்குமாக வழக்கமாகக் கணக்கில் எடுப்பதே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோதான். தரைத்தளம் என்றால் கவலையில்லை, மாடி என்றால் பழையதைப் பெயர்த்துவிடுவது நல்லது.

வயரிங் பற்றிச் சுருக்கமாக: எர்த் இருக்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள், 30 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே அணையும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் போடுங்கள்.

வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இருந்தால் இதைக் கட்டாயம் படியுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயிண்டில் அதற்குத் தடை வந்தது 1978இல்தான். உலர்வாகத் தேய்த்தால் தூசியாகி மூச்சிலும் கையிலும் ஏறும். தாயின் ரத்தத்திலிருந்து கருவுக்கும் போகும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை வெட்டுவதும் துளையிடுவதும் அதே அளவு ஆபத்து. அந்த வேலைகள் முடிந்து, ஈரத்துணியால் துடைத்துச் சுத்தம் செய்யும் வரை அவர்கள் வேறிடத்தில் இருக்கட்டும். வாடகை மிச்சம் பிடிக்கவேண்டும் என்று வேலை நடக்கும் வீட்டிலேயே குடியேறுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது.

இருவரும் சேர்ந்து வாங்கும் வீட்டில் இன்னொரு சிக்கலும் வருகிறது. காலையில் கணவர் ஒன்று சொல்வார், மாலையில் மனைவி வேறு சொல்வார்; மேஸ்திரி கடைசியாகக் கேட்டதைச் செய்வார். மறுவேலைக்கான கூலியோ இருவரின் பணம். முடிவை இருவரும் சேர்ந்து எடுங்கள், சொல்வது ஒருவராக இருக்கட்டும், சொன்னதை எழுத்தில் அனுப்புங்கள். கசிவு, காங்கிரீட், குழாய், வயர், பூச்சு, டைல்ஸ், பெயிண்ட் என்று வரிசை மாறாமல் போகட்டும். ஒவ்வொரு கட்டமும் முடிந்து சோதித்த பிறகே அதற்கான பணம். குளியலறைக்கு மட்டும், டைல்ஸ் ஒட்டும் முன் வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்தி, கீழ்ப்பக்கமும் வெளிச்சுவரும் பார்த்துவிடுங்கள். ‘நேரமில்லை, நாளை டைல்ஸ்காரர் வருகிறார்’ என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பை விரித்துப் பிடித்து, குழாயும் வயரும் போகும் பாதை தெரியப் படம் எடுத்து, இருவர் போனிலும் சேமித்துக்கொள்ளுங்கள். அலமாரி மாட்ட டிரில் போடும் ஒவ்வொரு முறையும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம்.