மாத்திரை போட்டும் மைக்ரேன் அடங்காதது ஏன்?

ஒற்றைத் தலைவலிக்காரர்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு: "போன தடவை இதே மாத்திரைதான் கேட்டுச்சு, இந்தத் தடவை கேக்கல." மருந்து போலி, சரக்கு பழசு, உடம்புக்குப் பழகிவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பல சமயம் பழி மருந்தின் மேல் விழுகிறது. கோளாறு வயிற்றில் இருக்கிறது.

நாம் விழுங்கும் மாத்திரை இரைப்பையில் கரைந்தாலும், ரத்தத்தில் ஏறுவது பெரும்பாலும் சிறுகுடலில்தான். மைக்ரேன் பிடிக்கும்போது பலருக்கு இரைப்பையின் அசைவு மந்தமாகிவிடுகிறது. கரைந்த மருந்து, அடிவாரத்திலேயே பஞ்சராகி நின்றுவிட்ட ஏற்காடு பஸ் மாதிரி, போக வேண்டிய இடம் போகாமல் இரைப்பையிலேயே கிடக்கும். அதற்குள் வாந்தி வந்தால் அதுவும் போயிற்று. மைக்ரேன் உள்ளவர்களுக்குப் பயணக் குமட்டலும் மற்றவர்களைவிட அதிகம். ஏற்காட்டிலிருந்து வலியோடு கிளம்பி, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்கு வந்து மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர், வயிறு சுத்தமாக நின்றுபோன பிறகுதான் மாத்திரையைத் தொடுகிறார்.

டாக்டர் சீட்டில் வலி மாத்திரையோடு டாம்பெரிடோன் அல்லது மெட்டோகுளோப்ரமைடு இருப்பது வாந்திக்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். "எனக்குத்தான் வாந்தி வரலையே" என்று அதை ஒதுக்கியும் விடுகிறார்கள். அந்த மருந்துக்கு இன்னொரு வேலை உண்டு: மந்தமான இரைப்பையைத் தள்ளிவிட்டு, வலி மருந்தைச் சிறுகுடலுக்கு அனுப்புவது. நாப்ராக்சன் என்ற வலி மருந்தும் டாம்பெரிடோனும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவதும் இதனால்தான். இவற்றையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு டாம்பெரிடோன் ஆகாது. மெட்டோகுளோப்ரமைடு சிலருக்கு, அதிலும் இளவயதினருக்கு, கழுத்தை ஒரு பக்கமாக இழுத்துவிடும். கண் மேலே சொருகும். பார்க்கிறவர்கள் வேறு ஏதோ என்று பயந்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி போட்டால் சரியாகிவிடும், ஆனால் இன்ன மாத்திரை போட்டேன் என்று சொன்னால்தான் அவர்களுக்கும் சட்டென்று பிடிபடும்.

வாயில் வைத்தால் கரையும் ரிசாட்ரிப்டான் என்ற மைக்ரேன் மாத்திரையைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. நாக்கில் கரைவதால் அங்கிருந்தே ரத்தத்தில் ஏறிவிடும் என்று. அப்படி இல்லை. எச்சிலோடு விழுங்கி, அதுவும் குடல் வழியாகத்தான் ஏறுகிறது. சாதாரண மாத்திரையைவிட வேகமானதும் அல்ல. தண்ணீர் குடித்தாலே குமட்டுகிறவர்களுக்கு வசதி, அவ்வளவுதான். இரைப்பையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டுமென்றால் மூக்கில் அடிக்கும் ஸ்பிரே அல்லது தோலுக்கு அடியில் போடும் சுமட்ரிப்டான் ஊசி. இருப்பதிலேயே வேகமானது ஊசிதான்.

சரி, மருந்து ரத்தத்துக்குப் போய்விட்டது. அங்கே என்ன செய்கிறது?

முகத்துக்கும் மூளையைச் சுற்றியுள்ள சவ்வுக்கும் உணர்ச்சி தருவது முப்பெரு நரம்பு. மைக்ரேனில் அதன் நுனிகள் சவ்வின் ரத்தக் குழாய்களைச் சுற்றி சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்கைக் கொட்டுகின்றன. குழாய்கள் விரிகின்றன, நரம்பு மேலும் கிளர்ந்து, நெற்றிப்பொட்டு விண்விண் என்று தெறிக்கிறது. 1990களின் தொடக்கத்தில் வந்த சுமட்ரிப்டானும் அதன் பின் வந்த மற்ற ட்ரிப்டான்களும் இந்த இடத்தில், செரட்டோனின் என்ற உடம்பின் வேதிப்பொருள் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளில் போய் உட்கார்ந்து, நரம்பு நுனி சி.ஜி.ஆர்.பி. கொட்டுவதைத் தடுக்கின்றன, விரிந்த குழாயையும் சுருக்குகின்றன.

வலி முற்றினால் கதை மாறுகிறது. நுனியிலிருந்து வரும் தொல்லை தாங்காமல் மூளைத்தண்டில் உள்ள நரம்புச் செல்களே தன்னிச்சையாகக் கிளர்ந்துவிடும். சீப்பு பட்டால் தலை வலிக்கும், கம்மல் உறுத்தும், தலையணை கூடக் குத்தும். இந்தக் கட்டம் வந்த பிறகு ட்ரிப்டான் அவ்வளவாக எடுபடுவதில்லை, ஏனென்றால் அது முக்கியமாக அடைப்பது நுனியை. ஆகவே வலி லேசாகத் தொடங்கும்போதே போட வேண்டும். கண்ணுக்கு முன் வளைவு வளைவாக வெளிச்சம் ஓடும் முன்னறிகுறி வருபவர்கள் மட்டும், வெளிச்சத்தைப் பார்த்ததும் போடாமல் தலைவலி தொடங்கியதும் போட்டால்தான் பலன். முதல் மாத்திரை கொஞ்சமும் கேட்காவிட்டால் அதே வலிக்கு இன்னொன்றைப் போட்டுப் பெரிதாக ஒன்றும் நடக்காது. வலி குறைந்து திரும்ப வந்தால், குறைந்தது 2 மணி நேரம் கழித்து, டாக்டர் சொன்ன உச்ச அளவுக்குள் இரண்டாவது போடலாம்.

குழாயைச் சுருக்கும் குணம் மூளைச் சவ்வோடு நின்றுவிடுவதில்லை. இதயத்தின் ரத்தக் குழாய்களிலும் அதே ஏற்பிகள் கொஞ்சம் இருக்கின்றன. மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள், கட்டுப்படாத பிரஷர் உள்ளவர்கள் ட்ரிப்டான் பக்கமே போகக் கூடாது. வீட்டில் ஒருவருக்குக் கேட்ட மாத்திரையை "நீங்களும் ஒண்ணு போட்டுப் பாருங்க மாமா" என்று சர்க்கரையும் பிரஷரும் உள்ள மாமாவுக்கு நீட்டுவது பாசமாக இருக்கலாம், ஆபத்தும் அதுதான். அட்டையில் செங்குத்தாகப் போகும் சிவப்புக் கோடு, டாக்டர் சீட்டு வேண்டும் என்பதற்காகவே போட்டது. இன்னொன்று: மைக்ரேன் வராமல் தடுக்க ப்ரோப்ரனலால் சாப்பிடுகிறவர்களுக்கு ரிசாட்ரிப்டானின் அளவு ரத்தத்தில் கூடிவிடும். அவர்களுக்கு 10 மில்லிகிராம் அல்ல, 5 மில்லிகிராம்தான்.

நாப்ராக்சன், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளுக்கு வருவோம். இவை மிதமான மைக்ரேனுக்கு நன்றாகவே கேட்கும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், டெங்கு சந்தேகம் இருந்தால் வேண்டாம். சேலத்துச் சித்திரை வெயிலில் வாந்தியும் எடுத்து உடம்பில் நீர் வற்றிக் கிடக்கும்போது இவற்றை அடுக்கடுக்காகப் போட்டால் சிறுநீரகம்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

எனக்கு அதிகம் பயம் தருவது எர்காட்டமின் கலந்த கூட்டு மாத்திரை. மைக்ரேனுக்கு என்று வாங்கும் சில அட்டைகளின் பின்புறம் திருப்பிப் படித்தால் எர்காட்டமின், காஃபின், பாராசிட்டமால், புரோகுளோர்பெரசின் என்று நான்கு பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கும். பாராசிட்டமால் ஏற்கெனவே இருப்பது தெரியாமல், கூடவே காய்ச்சல் மாத்திரையையும் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. புரோகுளோர்பெரசின் தூக்கம் தரும். அதைப் போட்டுக்கொண்டு பைக்கில் மலை இறங்கக் கூடாது. எர்காட்டமின், கோதுமைபோன்ற ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்தில் பிடிக்கும் பூஞ்சையிலிருந்து 1918இல் பிரித்தெடுக்கப்பட்டது. அந்தப் பூஞ்சை பிடித்த தானியத்தைத் தின்று இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராக விரல்கள் கறுத்து அழுகி விழுந்திருக்கின்றன, ஏனென்றால் கைகால் குழாய்களையும் அது இறுக்கிவிடும். மாத்திரையில் இருக்கும் சிறிய அளவு அவ்வளவு தூரம் போகாது. ஆனால் தொண்டை வலிக்கு வேறொரு டாக்டர் கிளாரித்ரோமைசின் அல்லது எரித்ரோமைசின் எழுதிக் கொடுத்திருந்தால், எர்காட்டமினைச் சிதைக்கும் கல்லீரல் நொதி முடங்கி, மருந்து ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். பூஞ்சைக்கான சில மாத்திரைகளும் அப்படியே. விரல் சில்லிட்டு மரத்தால் அலட்சியம் கூடாது. கர்ப்பிணிகளுக்கு எர்காட்டமின் அறவே ஆகாது. ட்ரிப்டானும் எர்காட்டமினும் 24 மணி நேரத்துக்குள் சேரவே கூடாது.

திடீரென்று இடி விழுந்த மாதிரி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் வலுவிழப்பு, வாய் குழறல், 50 வயதுக்கு மேல் முதல் முறையாக வரும் புதுத் தலைவலி: இவை மைக்ரேன் கணக்கில் சேராது. அட்டையைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஏற்காட்டு மெடிக்கலில் ஒரு நாள் கேட்டது:

"தம்பி, தலைவலி மாத்திரை ஒரு அட்டை குடுப்பா."

"அக்கா, போன வாரம்தானே ஒரு அட்டை வாங்குனீங்க?"

"தீந்துபோச்சு."

சீக்கிரம் போடு என்று மேலே சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டால் வந்து நிற்கும் இடம் இது. ட்ரிப்டான், எர்காட்டமின், கூட்டு மாத்திரைகளை மாதத்துக்கு 10 நாளோ அதற்கு மேலோ, பாராசிட்டமால், நாப்ராக்சன் போன்றவற்றை 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதத்துக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். காலையில் எழும்போதே வலி இருக்கும்; போட்டால் குறையும், மறுநாள் திரும்ப வரும். இதில் கணக்கு நாளுக்குத்தான், மாத்திரைக்கு அல்ல. ஒரே நாளில் இரண்டு போட்டாலும் ஒரு நாள்தான். பத்து நாளில் தினம் பாதி போட்டால் அது பத்து நாள்.

பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே இதையும் எழுதலாம்: வலி வந்த நாளுக்கு ஒரு கோடு, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு வட்டம், பக்கத்தில் மாத்திரையின் பெயர். மாதக் கடைசியில் எட்டு வட்டம் வந்தாலே டாக்டரிடம் அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டிய நேரம். ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட் போன்ற தடுப்பு மருந்துகளில் எது பொருந்தும் என்று அவர் பார்ப்பார். எல்லை தாண்டிவிட்டவர்களுக்கு அந்த வலி மாத்திரையை நிறுத்தச் சொல்வார். நிறுத்தியதும் முதலில் வலி கூடும். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் வரை. அந்த நாட்களுக்கு என்ன போடலாம், எதைத் தொடக் கூடாது என்பதை முன்கூட்டியே கேட்டு, அதே காலண்டரில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.