குடைக்குள் சுழலும் யாழ்ப்பாணத்து வானம்

யாழ்ப்பாணத்து வானத்தை விழிப்புலன் இழந்த ஒரு பிள்ளையின் கையில் கொடுக்க ஒரு பழைய கறுப்புக் குடை போதும். குடையின் உட்புறத்தில் சப்தரிஷி மண்டலத்துக்கு ஏழு சட்டைப் பொத்தான்களையும், காசியோப்பியா என்ற விண்மீன் கூட்டத்துக்கு ஐந்து பெரிய மணிகளையும் தைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வடக்குப் பார்த்து நின்று, கைபிடி நம் பக்கம் இருக்கும்படி குடையைக் கிடையாகப் பிடித்து, துருவ நட்சத்திரத்தைக் குறிக்கும் நுனியைச் சற்றே உயர்த்த வேண்டும்.

எவ்வளவு உயர்த்துவது என்பதில்தான் யாழ்ப்பாணம் இருக்கிறது. கையை நேரே நீட்டிப் பொத்தினால், முஷ்டியின் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். நாம் வாழ்வது வட அகலாங்கு 9.7 பாகையில். ஆகவே துருவ நட்சத்திரம் நமக்குத் தொடுவானிலிருந்து ஒரு முஷ்டி உயரத்திலேயே நிற்கிறது. பருத்தித்துறைக் கரையில் நின்றால் கடலுக்கு ஒரு முஷ்டி மேலே. லண்டனில் இருப்பவர் அதே குடையை ஐந்து முஷ்டிக்கு உயர்த்த வேண்டும்.

இப்போது குடையை இடஞ்சுழியாக மெல்லச் சுழற்றுங்கள். வலப்பக்கம் கிழக்கு. உள்ளே கை வைத்திருக்கும் பிள்ளையின் விரல்களுக்குப் பொத்தான்கள் வலப்புறம் எழுந்து, மேலே ஏறி, இடப்புறம் இறங்குவது தெரியும். தண்டுக்குச் சற்றுக் கீழே ஓர் அட்டையைக் கிடையாகப் பிடித்தால் அதுதான் தொடுவானம். பொத்தான்கள் அட்டைக்குக் கீழே போய்விடுகின்றன.

விழிப்புலன் இழந்த ஒரு மாணவி, ஏழு பொத்தான்களும் இறங்கிப் போனதும் கையை எடுக்கவில்லை. "இப்போது அவை எங்கே, ரீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே அட்டைக்குக் கீழே விரல்களை விட்டுத் தேடினாள். கண்டுபிடித்ததும், "அப்படியென்றால் பகலிலும் இருக்கின்றன" என்றாள். பார்வையுள்ள வகுப்புகளில் பலகையில் வட்டம் வரைந்து இதைப் பலமுறை விளங்கப்படுத்தியிருக்கிறேன். இவ்வளவு விரைவாக யாரும் அந்த இடத்துக்கு வந்ததில்லை. துருவத்திலிருந்து ஒரு முஷ்டி தூரத்துக்குள் இருக்கும் நட்சத்திரங்கள் மட்டுமே நமக்கு மறையாதவை. சப்தரிஷி அதற்கு வெளியே இருப்பதால் அது உதித்து மறைகிறது. லண்டனில் அது மறைவதே இல்லை.

சந்திரனைத் தொட்டுக் காட்டுவது இதைவிடச் சிக்கலான வேலை. சந்திரனின் விட்டம் 3474 கிலோமீற்றர். அதை 22 சென்ரிமீற்றர் உதைபந்தின் அளவுக்குச் சுருக்கினால், டைக்கோ என்ற 85 கிலோமீற்றர் அகலக் கிண்ணக்குழி சுமார் ஐந்தரை மில்லிமீற்றர் அகலம் பெறும். ஆழமோ 0.3 மில்லிமீற்றர்தான் வரும். பிறெயில் புள்ளி ஒன்றின் உயரமே ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். உண்மை விகிதத்தில் செய்த சந்திரன், தடவிப் பார்ப்பவருக்குக் கிட்டத்தட்ட வழவழப்பான பந்து. எனவே ஆழத்தை ஐந்து மடங்காவது கூட்ட வேண்டும்.

விரல் நுனிக்கும் கண்ணைப்போலப் பிரிதிறன் உண்டு. இரண்டு, மூன்று மில்லிமீற்றருக்கு நெருக்கமாக இருக்கும் இரு மேடுகளை அது ஒன்றாகவே உணரும். நம் பந்தில் அது ஏறத்தாழ 40 கிலோமீற்றருக்குச் சமம். அதைவிடச் சிறிய குழிகளைச் செதுக்கினால் அவை வெறும் சொரசொரப்பாகிவிடும். ஆகவே எதை விடுவது என்று முடிவு செய்வதே பாதி வேலை. கண் முழுச் சந்திரனையும் ஒரே பார்வையில் வாங்கிக்கொள்கிறது. விரலோ வரிவரியாகப் படித்துத்தான் முழுமையைக் கட்டுகிறது. அதற்கு வடதுருவத்தில் ஒரு சிறு வெட்டு, பூமத்தியரேகையில் ஒரு நூல் என்று கைகாட்டிகள் வேண்டும். எரிமலைக் குழம்பு உறைந்த கருஞ்சமவெளிகளுக்கு மெழுகு பூசலாம், மேட்டு நிலங்களுக்கு மணல் ஒட்டலாம். டைக்கோவிலிருந்து விரியும் வெண்கதிர்கள் வெறும் நிற வேறுபாடு. அவற்றை மேடாகக் காட்டும்போது, "இது உயரம் அல்ல, வெளிச்சம்" என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுவது நம் கடமை. ஸ்பெயினின் வலென்சியாப் பல்கலைக்கழக வானாய்வகத்தில் உருவான தொட்டுணரும் சந்திரனும், இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் முப்பரிமாணத்தில் அச்சிடப்பட்ட, பால்வீதி போன்ற விண்மீன் பேரடைகளும் இதே வழியில் வந்தவை.

கண்ணால் பார்ப்பதுதான் அசல் வானியல், மற்றவை ஆறுதலுக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். அது முழுத் தவறு. எக்ஸ் கதிருக்கு நிறம் கிடையாது. நம் தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா விண்வெளித் தொலைகாட்டியிலிருந்து வருவது எண்களின் வரிசை. நாம் வியக்கும் நீலமும் சிவப்பும் மனிதர் அதற்குப் பின்னர் கொடுத்தவை. எண்ணை நிறமாக மாற்றலாம் என்றால் ஒலியாகவும் மாற்றலாம். பொதுவான முறை எளிது: படத்தை இடமிருந்து வலமாக ஒரு கோடு கடந்து செல்லும், மேலே உள்ள பொருளுக்கு உச்சஸ்வரம், கீழே உள்ளதற்குத் தாழ்ந்த ஸ்வரம், பிரகாசம் கூடினால் ஒலியும் கூடும். பெர்சியஸ் விண்மீன் பேரடைக் கொத்தின் வாயுவில் அழுத்த அலைகள் பரவுவதை சந்திரா 2003இல் கண்டறிந்தது. அது உண்மையாகவே ஒலி. ஆனால் பியானோவின் நடு ஸ்வரத்துக்கு 57 ஸ்தாயி கீழே இருக்கிறது. நாசா அதை மனிதக் காதுக்கு எட்டுமளவுக்கு உயர்த்தி 2022இல் வெளியிட்டது.

கிரகணத்துக்கும் காது உண்டு. அமெரிக்காவின் 2017 முழுச் சூரிய கிரகணத்துக்காக ஹார்வர்டில் லைட்சவுண்ட் என்ற சிறு கருவியை உருவாக்கினார்கள். அதில் பார்வை இழந்த வானியலாளர் வாண்டா டயஸ் மெர்செட்டின் பங்கும் உண்டு. ஒளி உணரி ஒன்று வெளிச்சத்தை அளக்கும். முழு வெயிலுக்குப் புல்லாங்குழல், குறைந்தால் கிளாரினெட், இருண்டால் டிக் டிக் ஒலி. 2010 ஜனவரி 15, 2019 டிசம்பர் 26 என்று பத்தாண்டுக்குள் இரு கங்கண கிரகணங்கள் யாழ்ப்பாணத்தின் மேலாகச் சென்றன. 2019இல் சூரிய வட்டத்தில் சுமார் 94 சதவீதம் மறைந்தது. ஆனால் மனிதக் கண் வெளிச்சத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொண்டே இருப்பதால், பாதிச் சூரியன் மறைந்தபோதும் முற்றத்தில் நின்றவர்களுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. உணரி அப்படி ஏமாறாது. ஒலியைக் கேட்பவருக்குத்தான் குறைவு முதலில் எட்டும். 2031 மே 21ஆம் திகதி இன்னொரு கங்கண கிரகணம் தென்னிந்தியாவையும் இலங்கையின் வடக்கையும் கடக்கும். அதற்குள் நம் பாடசாலைகளில் இப்படிச் சில கருவிகள் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

செவிப்புலன் குறைந்த மாணவர்களிடம் சிக்கல் தலைகீழானது. வானம் நன்றாகத் தெரிய இருட்டு வேண்டும்; இருட்டில் சைகை மொழி தெரியாது. இருட்டில் பார்க்க உதவும் விழித்திரைக் கோல் கலங்கள் முழுமையாகப் பழக அரை மணிநேரம் வரை எடுக்கும், ஒரு வெள்ளை டோர்ச் வெளிச்சம் அதை நொடியில் கெடுத்துவிடும். ஆனால் அந்தக் கலங்கள் சிவப்பு ஒளியை மிகக் குறைவாகவே உணர்கின்றன. ஆகவே சைகை செய்பவரின் கைகளில் மங்கிய சிவப்பு விளக்கு விழவேண்டும். இன்னொன்றையும் நாங்கள் பிழை விட்டே கற்றோம். தொலைகாட்டியில் கண் வைத்திருக்கும் பிள்ளைக்கு அந்நேரம் எதையும் சொல்ல முடியாது. முதலில் சைகையில் விளக்கம், பிறகு பார்வை, பிறகு மீண்டும் கேள்வி. இதனால் ஒருவருக்கு ஆகும் நேரம் இரட்டிக்கும். எனவே பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும், நேரத்தை வெட்டக்கூடாது.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஊதிப் பெருக்கும் கோள்மண்டலக் கூடாரத்தை நான் தவிர்ப்பேன். கூடாரம் சரியாமல் நிற்க ஊதி ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், அந்த இரைச்சலை நிறுத்த வழியில்லை. திடீரென்று விளக்கு அணைவதும் அச்சுறுத்தும். கொழும்பில் 1965 முதல் கோள்மண்டலம் இருக்கிறது, ஆனால் 400 கிலோமீற்றர் பஸ் பயணம் முடிவதற்குள்ளேயே சில பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். அவர்களுடைய சொந்தப் பாடசாலை முற்றத்தில், பொழுது சாயுமுன் பாய் விரித்து உட்காருவதே நல்லது. வானம் தானே படிப்படியாக இருளும். என்னென்ன நடக்கும் என்பதை வரிசைப் படங்களாக முதல் நாளே கொடுத்துவிட வேண்டும்.

சக்கர நாற்காலிக்கு மணல் ஆகாது, சீமெந்துத் தரை வேண்டும். கண்வில்லை கீழ் முனையில் இருக்கும், சாய்வு ஆடி பொருத்திய ஒளிமுறிவுத் தொலைகாட்டியை உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்துக்குக் கொண்டுவரலாம். கைதடி நவீல்ட் பாடசாலை, சுன்னாகம் வாழ்வகம் போன்ற இடங்கள் நீண்டகாலமாக இத்தகைய பிள்ளைகளைத் தாங்கி வரும் மண் இது. தொலைகாட்டி வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளிடம் போவதுதான் முறை.

தொலைகாட்டி இல்லாதவர்கள் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் தொடங்கலாம். ஏப்ரல் 15 அளவில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் வருகிறது. நம் கடிகாரம் 82.5 பாகைக் கிழக்கு நெட்டாங்குக்கு உரியது, நாம் இருப்பது 80இல். அதனால் உச்சிப் பொழுது 12 மணி 10 நிமிட அளவில். இரண்டு அங்குல அகலமும் ஒரு மீற்றர் நீளமும் கொண்ட பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயைத் தூக்குக்குண்டு பார்த்துச் செங்குத்தாகக் கட்டுங்கள். 11.45க்கே பிள்ளையின் உள்ளங்கையை அதன் கீழே வைக்கச் சொல்லுங்கள். முதலில் நிழலின் குளிர்மை. பிறகு உள்ளங்கையின் ஓர் ஓரத்தில் பிறை அளவு சூடு. சூரியன் கிழக்கிலிருந்து உச்சிக்கு வருவதால், அது கையின் மேற்குப் பக்கத்தில் தொடங்கிக் கிழக்கே பரவும். அந்தச் சூடு முழு வட்டமாகும் கணத்தைப் பிள்ளையே சொல்வாள்.