காரிகாம் நாடுகளுக்குள் போய் வேலை செய்யும் உரிமை: யாருக்கு உண்டு, எங்கே மாட்டிக்கொள்வீர்கள்

கரீபியன் தீவுகளில் யாரைக் கேட்டாலும், காரிகாம், அதாவது கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பு, அதன் பாஸ்போர்ட் இருந்தால் எந்தத் தீவுக்கும் போய் வேலை பார்க்கலாம் என்றுதான் சொல்வார்கள். அதை நம்பி விமானம் ஏறி, ஒரு கடையிலோ சலூனிலோ சேர்ந்து, சில மாதம் கழித்துக் குடிவரவு அலுவலகத்தில் கைகட்டி நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். தமிழில் எழுதக் காரணம், இங்கே குடியுரிமை வாங்கிவிட்ட நம்மவர்களும், இங்குள்ளவர்களைக் கல்யாணம் செய்துகொண்டவர்களும், கடையோ கம்பெனியோ நடத்திப் பக்கத்துத் தீவுகளிலிருந்து ஆள் எடுப்பவர்களும் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டோடு வொர்க் பெர்மிட்டில் இங்கே இருப்பவர்களுக்கு இதில் எதுவும் கிடையாது. பத்து வருஷம் வரி கட்டியிருந்தாலும் கிடையாது. உறுப்பு நாடு ஒன்றின் குடியுரிமை வேண்டும். பிறப்பால் வந்ததா, விண்ணப்பித்து வாங்கியதா என்பது பொருட்டில்லை.

வரலாறு நாலு வரி போதும். 1958-ல் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கரீபியன் தீவுகளை ஒரே கூட்டாட்சியாக்கிப் பார்த்தார்கள். ஜமைக்கா 1961-ல் வாக்கெடுப்பு நடத்தி விலகியது, 1962-ல் கடை மூடப்பட்டது. அப்புறம் 1973-ல் சாகுவராமாஸ் ஒப்பந்தத்தில் காரிகாம் பிறந்தது, 2001-ல் அந்த ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதி சரக்கும் சேவையும் ஆட்களும் தடையின்றிப் போய்வரும் ஒற்றைச் சந்தை என்றார்கள். உறுப்பு நாடுகள் 15. ஆனால் பஹாமாஸ் அந்தச் சந்தையில் சேரவே இல்லை, ஹெய்ட்டிக்கும் மான்செராட்டுக்கும் அது நடைமுறையில் இல்லை. ஆக உங்களுக்கு உதவப்போவது 12 நாடுகள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். "காரிகாம் உரிமை" என்று மக்கள் ஒரே சொல்லாகச் சொல்வது உண்மையில் நான்கு தனித்தனி உரிமைகள். அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆறு மாதம் தங்கும் உரிமை ஒன்று. குறிப்பிட்ட சில வகைத் தொழிலாளர்களுக்கு அரசு தரும் திறன் சான்றிதழோடு வேலை செய்யும் உரிமை இன்னொன்று. கிழக்குக் கரீபியன் நாடுகள் அமைப்புக்குள், அதாவது ஓ.ஈ.சி.எஸ். தீவுகளுக்குள், காலவரையின்றித் தங்கி வேலை செய்யும் உரிமை மூன்றாவது. நான்காவது புதுசு: 2025 அக்டோபர் 1 முதல் பார்படோஸ், பெலீஸ், டொமினிகா, செயின்ட் வின்சென்ட் ஆகிய நான்கு நாடுகள் மட்டும் தங்களுக்குள் திறந்துவிட்ட, திறன் சான்றிதழ் இல்லாமலே தங்கி வேலை செய்யும் முழு நடமாட்ட உரிமை. எந்த உரிமையில் போகிறீர்கள் என்று தெரியாமல் டிக்கெட் வாங்காதீர்கள்.

ஆறு மாத உரிமையிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதில்தான் அடி அதிகம். 2007-ல் தலைவர்கள் கூடி, காரிகாம் குடிமக்கள் எந்த உறுப்பு நாட்டுக்குப் போனாலும் இறங்கியவுடன் ஆறு மாதம் தங்க அனுமதி என்று முடிவெடுத்தார்கள். தங்கத்தான் அனுமதி. வேலை செய்ய இல்லை. சொந்தக்காரர் கடையில் சம்பளம் வாங்காமல் "ஒத்தாசை" செய்தேன் என்பதெல்லாம் அதிகாரியிடம் எடுபடாது, மாட்டினால் திருப்பி அனுப்புவார்கள், அடுத்த முறை இறங்கும்போது அந்தப் பழைய பதிவு உங்களுக்கு முன்னால் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்.

அந்த ஆறு மாதத்தையும் முழுசாகத் தருகிறார்களா என்றால், எப்போதும் இல்லை. நான் பார்த்த ஒரு பாஸ்போர்ட்டில் முத்திரைக்குப் பக்கத்தில் பேனாவால் 14 நாள் என்று கிறுக்கியிருந்தது. அந்த அம்மா தங்கையின் பிரசவத்துக்குத் துணையாக வந்தவர். கவுண்டரில் எதுவும் பார்க்காமல் பாஸ்போர்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பிறகு நீட்டிப்புக்கு விண்ணப்பம், கட்டணம், "அடுத்த வாரம் வாங்க", நாள் தாண்டிப்போனதற்குத் தனியாக ஒரு விசாரணை. உரிமையாக ஆறு மாதம் கிடைக்க வேண்டியவருக்கு! அதனால் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்னாலேயே முத்திரையை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். நாள் குறைவாக இருந்தால், பணிவாக, ஆனால் அங்கேயே நின்று, "காரிகாம் குடிமகன், ஆறு மாதம் வர வேண்டும், மேலதிகாரியைப் பார்க்கலாமா" என்று கேளுங்கள். பின்னால் வரிசை முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும்.

உள்ளேயே விடவில்லை என்றால்? இதற்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது, அதன் பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: மைரி வழக்கு. ஷனீக் மைரி என்ற ஜமைக்காப் பெண் 2011 மார்ச் 14 அன்று பார்படோஸ் விமான நிலையத்தில் இறங்கினார். உடலுக்குள் கைவிட்டுச் சோதனை போட்டு அவமானப்படுத்தி, இரவெல்லாம் அடைத்துவைத்து, மறுநாள் திருப்பி அனுப்பினார்கள். அவர் விடவில்லை. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இருக்கும் கரீபியன் நீதிமன்றம் 2013 அக்டோபர் 4 அன்று, பார்படோஸ் அவருடைய உரிமையை மீறியது என்று சொல்லி 77,240 பார்படோஸ் டாலர் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. 2007 முடிவு வெறும் வாக்குறுதி இல்லை, நாடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்பதும் அன்றைக்குத்தான் உறுதியானது.

அந்தத் தீர்ப்பின்படி மறுக்க இரண்டே காரணங்கள்தான் செல்லும். ஒன்று, நீங்கள் "விரும்பத்தகாதவர்". அதற்கு அதிகாரிக்கு உங்கள் முகம் பிடிக்கவில்லை என்பது போதாது, சமூகத்துக்கு உண்மையான, இப்போதே இருக்கிற, போதிய அளவு கடுமையான ஆபத்து உங்களால் வரும் என்று காட்ட வேண்டும். இன்னொன்று, நீங்கள் அரசுப் பணத்துக்குப் பாரமாகிவிடுவீர்கள் என்பது. முதலாவதை வைத்துச் சாதாரண ஆளை மறிப்பது கஷ்டம், அதனால் எல்லாரும் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். திரும்பும் டிக்கெட், செலவுக்குப் பணம் அல்லது கார்டு, தங்கப்போகும் இடத்தின் விலாசம், அங்கே இருப்பவரின் தொலைபேசி எண் ஆகியவை காகிதத்திலேயே கையில் இருக்கட்டும். போனில் இருக்கிறது என்பீர்கள். சார்ஜ் தீர்ந்திருக்கும், விமான நிலைய வைஃபை வராது.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் உடனே தர வேண்டும், வக்கீலையோ உங்கள் நாட்டுத் தூதரக அதிகாரியையோ குடும்பத்தையோ தொடர்புகொள்ள விட வேண்டும், மறுபரிசீலனைக்கு வழி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இவை நீங்கள் கேட்டுப் பெறும் சலுகைகள் இல்லை, அவர்கள் கடமை. ஆனால் கேட்காமல் யாரும் தருவதில்லை. எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டதுமே பேச்சின் தொனி மாறுவதைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தீர்ப்பு வந்த ஆறே வாரத்தில், 2013 நவம்பரில், 13 ஜமைக்காக்காரர்களை டிரினிடாட் திருப்பி அனுப்பியது என்பதையும் சொல்லிவைக்கிறேன், தீர்ப்பு இருக்கிறதே என்று யாரும் அசட்டையாக இருந்துவிடக் கூடாது. ஹெய்ட்டிக்காரர்கள் நிலை இன்னும் மோசம். அவர்களும் உறுப்பு நாட்டவர்தான், ஆனால் பல தீவுகள் அவர்களிடம் மட்டும் விசா கேட்கின்றன.

வேலைக்கு வருவோம். வொர்க் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யப் பழைய வழி, திறன் சான்றிதழ். முதலில் பட்டதாரிகள், ஊடகத்தினர், விளையாட்டு வீரர்கள், கலைஞர்கள், இசைக்கலைஞர்கள் என்று ஐந்து வகைதான். பிறகு ஆசிரியர்கள், செவிலியர்கள், கைவினைஞர்கள், வீட்டுவேலை செய்வோர் என்று பட்டியல் நீண்டது. 2018 டிசம்பரில் விவசாயத் தொழிலாளர்கள், காவலாளிகள், அழகுக்கலைஞர்கள், முடிதிருத்துவோரையும் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்வது வேறு, நீங்கள் போகும் நாடு தன் சட்டத்தில் எழுதுவது வேறு. "என் வகை உங்கள் நாட்டுச் சட்டத்தில் சேர்ந்துவிட்டதா" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கைத்தொழில் வகைகளில் பெரிய பொறி, அனுபவம் செல்லாது என்பது. வயசு முழுக்கத் தையல் மிஷினில் உட்கார்ந்தவராக இருக்கலாம், ஊரே உங்களிடம் முடி வெட்டியிருக்கலாம், சி.வி.கியூ. எனப்படும் தொழிற்தகுதிச் சான்றோ அதற்கு இணையான ஒன்றோ இல்லாவிட்டால் விண்ணப்பம் திரும்பிவிடும். ஏற்கெனவே உள்ள திறமையை மதிப்பிட்டு அந்தச் சான்றைத் தரும் வழி பல நாடுகளில் உண்டு, அதை முதலில் முடியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு சலூன்காரப் பெண் இதை யாரும் சொல்லாமல் போக, வீட்டைக் காலிசெய்து, நாற்காலியையும் கண்ணாடியையும் விற்றுவிட்டுக் கிளம்பி, அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டார். சொல்ல வேண்டிய அலுவலகம் அவரிடம் விண்ணப்பக் கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டது.

பட்டதாரிகளுக்கு வேறு தலைவலி. பட்டச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், போலீஸ் நன்னடத்தைச் சான்று, புகைப்படம் எல்லாம் கொடுப்பீர்கள். பட்டத்தில் அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் என்றால் திருமணச் சான்றிதழும் வேண்டும் என்பதை மூன்றாவது முறை போகும்போதுதான் சொல்வார்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால், அதுவும் நம்மூர்ப் பல்கலைக்கழகம் என்றால், தரமதிப்பீட்டு அமைப்பின் கடிதம் தனியாக. அது வர மாதக்கணக்காகும், அதற்குள் போலீஸ் சான்று காலாவதியாகிவிடும், அதைப் புதுப்பிக்கப் போனால் இங்கே பரிசீலனைக் குழு கூடி முடித்திருக்கும். செக்குமாடு மாதிரி சுற்ற வைத்துவிடுவார்கள். போலீஸ் சான்றைக் கடைசியில் எடுங்கள். மற்றதெல்லாம் கைக்கு வந்த பிறகு.

சான்றிதழ் கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். உங்கள் நாடு கொடுத்த சான்றிதழோடு இன்னொரு நாட்டில் இறங்கினால் முதலில் ஆறு மாதம்தான் முத்திரை விழும், அந்தக் காலத்தில் அந்த நாடு சரிபார்த்துக் காலவரையற்ற அனுமதி தர வேண்டும். சரிபார்க்கும்போதே வேலை செய்யலாம் என்பது விதி. விதி தெரியாத முதலாளி வொர்க் பெர்மிட் கேட்பார், சில சமயம் விதி தெரிய வேண்டிய அதிகாரியே கேட்பார். இறங்கிய வாரமே சான்றிதழை உரிய அமைச்சகத்தில் கொடுத்து, தேதியோடு ரசீது வாங்குங்கள். ஐந்தாம் மாதத்தில் போய் நின்றால் தாமதம் உங்களுடையது என்று எழுதிவிடுவார்கள்.

செவிலியர்களுக்கும் வக்கீல்களுக்கும் டாக்டர்களுக்கும் தனியாக ஒரு எச்சரிக்கை. திறன் சான்றிதழ் குடிவரவுக்கு மட்டும்தான். அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யாமல் வார்டில் கால்வைக்க முடியாது, மற்ற தொழில்களிலும் கதை அதேதான். இரண்டு விண்ணப்பங்களையும் ஒரே நேரத்தில் போடுங்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று காத்திருந்தால் சம்பளமில்லாமல் பாதி வருஷம் ஓடிவிடும். இவ்வளவு தொல்லைக்கும் ஒரு பலன் உண்டு: வொர்க் பெர்மிட் போல இது ஒரு முதலாளியோடு கட்டிப்போடாது. வேலை பிடிக்காவிட்டால் மாறலாம். "நான் நினைத்தால் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டும் முதலாளியிடம் இதைச் சொல்லுங்கள்.

ஓ.ஈ.சி.எஸ். தீவுகள் விஷயம் இவ்வளவு சிக்கலில்லை. ஆன்டிகுவா, டொமினிகா, கிரெனடா, செயின்ட் கிட்ஸ், செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட் என்று இவற்றின் குடிமக்கள் 2011 ஆகஸ்ட் முதல் தங்களுக்குள் காலவரையின்றித் தங்கலாம், வேலை செய்யலாம், திறன் சான்றிதழ் தேவையில்லை. இதையும் புது நான்கு நாட்டுத் திட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். டொமினிகாவும் செயின்ட் வின்சென்டும் இரண்டிலும் இருக்கின்றன. செயின்ட் லூசியாக்காரர் டொமினிகா போனால் ஓ.ஈ.சி.எஸ். உரிமை உண்டு, ஆனால் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பார்படோஸ் போனால் அதுவும் இல்லை, புதுத் திட்டமும் இல்லை, பழையபடி திறன் சான்றிதழ்தான். பார்படோஸ்காரர் கிரெனடா போனாலும் அப்படியே. டிரினிடாட், ஜமைக்கா, கயானாக்காரர்களுக்கு இரண்டுமே இல்லை. கயானாவின் பெர்பிஸ் பக்கம் மாரியம்மன் கோயில் வைத்திருக்கும் மதராசி வம்சத்துப் பிள்ளைகள் பார்படோசில் நிறையப் பேர் வேலை தேடுகிறார்கள். "முழு நடமாட்டம் வந்துவிட்டது" என்ற தலைப்புச் செய்தி அவர்களுக்கு இல்லை.

அந்த நான்கு நாட்டவர்களும் கவனமாக இருங்கள். எல்லா நாடுகளுக்கும் 2024 மார்ச்சுக்குள் திறந்துவிடுவோம் என்றுதான் தலைவர்கள் முதலில் சொன்னார்கள், கடைசியில் நான்கே நாடுகள் தேறின. ஆக இது புதுக் கட்டிடம், எல்லா அறையிலும் விளக்கு எரியாது. இறங்கும்போதே, சுற்றிப்பார்க்க வரவில்லை, முழு நடமாட்ட உரிமையில் தங்க வந்திருக்கிறேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆறு மாத முத்திரை விழும். பள்ளிக்கூடமும் மருத்துவமும் உண்டு என்பதையும் அளவோடு நம்புங்கள். மருத்துவம் என்றால் அவசர சிகிச்சையும் ஆரம்ப சிகிச்சையும். அவசரமில்லாத ஆபரேஷன் எல்லாம் அதில் வராது. அரசுப் பள்ளியில் இடம் என்பதும் நாட்டின் வசதிக்கு உட்பட்டது, அதனால் குழந்தையின் மாற்றுச் சான்றிதழை வாங்குவதற்கு முன்னால் அங்கே இடம் இருக்கிறதா என்று பள்ளிக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

கடைசியாக ஓய்வூதியம், இதை யாருமே சொல்வதில்லை. காரிகாம் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 1997 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு தீவில் கொஞ்ச வருஷம், இன்னொரு தீவில் கொஞ்ச வருஷம் கட்டிய சந்தா எந்த ஒன்றிலும் ஓய்வூதியத்துக்குப் போதாமல் போனால், அவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டு, ஒவ்வொரு நாடும் தன் பங்கைத் தர வேண்டும். ஆனால் தானாக யாரும் சேர்க்க மாட்டார்கள், "இங்கே போதிய வாரங்கள் இல்லை" என்று ஒரு வரிக் கடிதத்தோடு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டவர்கள் ஏராளம். விண்ணப்பத்திலேயே மற்ற நாடுகளில் வேலை பார்த்த விவரத்தை எழுதி, காரிகாம் ஒப்பந்தப்படி கணக்கிடக் கோருங்கள். ஒவ்வொரு தீவிலும் கொடுத்த காப்பீட்டு எண்ணும் சம்பளச் சீட்டும் அதற்கு வேண்டும், முதலாளி சந்தாவைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் விடுவது இங்கேயும் உண்டு, அதனால் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே அந்தத் தீவின் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் உங்கள் சந்தாக் கணக்கை அச்செடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.