அணுகல்தன்மை: ஒரு சொல் விளக்கம்

அக்செசிபிலிட்டி என்ற சொல்லுக்குத் தமிழில் இன்று நிலைத்திருக்கும் சொல் அணுகல்தன்மை. கட்டடமோ, பேருந்தோ, வலைத்தளமோ, மாற்றுத்திறனாளிகள் யாருடைய தயவும் இல்லாமல் தாமே வந்து காரியம் முடித்துப் போகும்படி அமைந்திருப்பதை இது குறிக்கிறது. ஆங்கிலத்தில் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் இடையில் 11 எழுத்துகள் இருப்பதால், கணினித் துறையினர் ‘ஏ11ஒய்’ என்றும் சுருக்கி எழுதுவார்கள்.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன். ‘ஆட்’ என்றால் நோக்கி, ‘செடெரே’ என்றால் செல்லுதல். தமிழிலும் பொருள் அதே பக்கம்தான் போகிறது. அண் என்ற அடியிலிருந்து அண்மை, அண்டை, அண்டுதல், அணுக்கம், அணுகுதல் எல்லாம் கிளைக்கின்றன. அரசரிடம் பழகுவோர் நெருப்பில் குளிர்காய்பவர் போல ‘அகலாது அணுகாது’ இருக்க வேண்டும் என்கிறது 691ஆம் குறள். வடசென்னையில், வண்ணாரப்பேட்டையிலும் காசிமேட்டிலும், பேச்சில் அணுகு என்பது அவ்வளவாக வராது. ‘கிட்ட’ என்பதுதான் வரும். ‘கிட்ட’ என்றால் அருகில், ‘கிட்டும்’ என்றால் கைக்கு வரும். இரண்டும் கிட்டு என்ற ஒரே வினை. அருகில் போவதையும் கைக்கு வருவதையும் ஒன்றாகப் பிடிக்கும் அந்தச் சொல்லே இந்தக் கருத்துக்கு இன்னும் நெருக்கமானது என்பது எங்கள் எண்ணம். ஆனாலும் ஆட்சி பெற்றுவிட்ட சொல்லை மாற்றச் சொல்லவில்லை.

அணுகல் தொழிற்பெயர், அதோடு தன்மை சேர்கிறது. புணர்ச்சி விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றினால், கல்லும் தூணும் கற்றூண் ஆவது போல, ‘அணுகற்றன்மை’ என்று எழுத வேண்டும். படிப்பவர் கண்ணுக்கு அதில் ‘அற்ற’ என்பது முதலில் தெரிந்து, பொருளே தலைகீழாகிவிடும். புணர்க்காமல் எழுதுவதே இங்கு நல்லது. அணுகுமுறை வேறு சொல். ஒன்றைக் கையாளும் விதத்தைக் குறிப்பது. இரண்டையும் மாற்றி எழுதுவது அடிக்கடி நடக்கிறது.

அதைவிடப் பெரிய குழப்பம் அணுகலுக்கும் அணுகல்தன்மைக்கும் இடையில். தண்டையார்பேட்டையில் பார்வையற்ற ஒருவர் சொத்துவரி கட்ட ஒரு தளத்தைத் திறக்கிறார் என்று வையுங்கள். இணையம் இருக்கிறது, பக்கம் திறக்கிறது, கடவுச்சொல்லும் ஏற்கப்படுகிறது. அணுகல் கிடைத்துவிட்டது. படிவத்துக்குள் போனால், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் ‘எடிட், பிளாங்க்’ என்கிறது, அதாவது எழுத வேண்டிய கட்டம், காலி. அடுத்த கட்டத்திலும் அதே ‘எடிட், பிளாங்க்’. எது மண்டலம், எது வார்டு, எது ரசீது எண்? கட்டத்தின் பக்கத்தில் ‘மண்டலம்’ என்று எழுதியிருக்கிறது, ஆனால் நிரலில் அந்த எழுத்தை ‘லேபிள்’ குறிச்சொல்லால் கட்டத்தின் அடையாளத்தோடு இணைக்கவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது மென்பொருளுக்குப் பக்கத்தில் இல்லை. அணுகல் உண்டு, அணுகல்தன்மை இல்லை. குறை அவரிடம் இல்லை, தளத்தின் தன்மையில் இருக்கிறது. ‘தன்மை’ என்ற பின்பாதி வேலை செய்வது இங்கேதான்.

தமிழ்த் தளங்களுக்கென்றே சில கோளாறுகள் உண்டு. முதலாவது பழைய எழுத்துரு. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்திய பாமினி எழுத்துருவில் தட்டிய ‘அம்மா’ திரையில் அம்மாவாகத்தான் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’. திரைவாசிப்பான் படிப்பது அந்த ஆங்கில எழுத்துகளைத்தான். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொதுமுறையான யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டிப் பிடிஎஃப் ஆக்கிய சுற்றறிக்கைகள் இப்படித்தான் உளறலாகக் கேட்கின்றன. அச்சிட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து ஏற்றினால் அதுவும் கேட்காது, வெறும் படம். மூலத்தை யூனிகோடுக்கு மாற்றிப் பக்கத்திலேயே எழுத்தாக வெளியிடுவதுதான் தீர்வு; பிடிஎஃப் கூடுதலாக இருக்கட்டும்.

இரண்டாவது மொழிக் குறிப்பு. பக்கத்தின் தொடக்கத்தில் மொழி தமிழ் என்று குறிக்காமல், வார்ப்புருவில் வந்த ஆங்கிலக் குறிப்பை அப்படியே விட்டுவிடுகிறார்கள். எழுத்தைப் பேச்சாக்கும் பல குரல்பொறிகள் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயன்று தடுமாறுகின்றன, அல்லது தாண்டிப் போகின்றன. ஒரே ஒரு வரித் திருத்தம்.

மூன்றாவது படங்கள். மழைக்கால எச்சரிக்கையை வண்ணச் சுவரொட்டியாக ஏற்றினால், எண்ணூரில் தண்ணீர் ஏறும் தெருவில் இருக்கும் பார்வையற்றவருக்கு அது ‘கிராஃபிக்’ என்ற ஒற்றைச் சொல். படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் மாற்று உரையில் ‘எச்சரிக்கைப் படம்’ என்று எழுதுவதும் போதாது. எந்தப் பகுதி, எந்த நேரம், எங்கே போக வேண்டும், எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பது எழுத்தாகப் பக்கத்தில் இருக்க வேண்டும். அலங்காரப் படத்துக்கு மாற்று உரையை வெறுமையாக விட வேண்டும், நீக்கிவிடக் கூடாது. நீக்கினால் திரைவாசிப்பான் கோப்பின் பெயரைப் படிக்கத் தொடங்கிவிடலாம். கொசஸ்தலையாற்றங்கரை வெள்ள வரைபடத்தில் அபாயத்தைச் சிவப்பாலும் பச்சையாலும் மட்டும் காட்டினால், நிறக்குறை உள்ளவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். தெருப்பெயர்ப் பட்டியல் ஒன்று கீழே வேண்டும்.

இதற்கெல்லாம் அளவுகோல், உலகளாவிய வலைச் சேர்த்தியம் (டபிள்யூ3சி) வெளியிடும் வலை அணுகல்தன்மை வழிகாட்டி. அதன் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. அதன் மூன்று நிலைகளில் பொதுவாகக் கேட்கப்படும் நடு நிலையான ஏஏ நிலைப்படி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 ஒளி வேறுபாடு தேவை. வெள்ளையின் மேல் 767676 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல் 4.54 என்று தப்பிக்கிறது. 777777 சாம்பல் 4.48இல் தவறுகிறது. நம் தளங்கள் விரும்பும் முழுச் சிவப்பும் வெள்ளையில் 4:1 அளவே. பொத்தான்கள் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் சுற்றிலும் போதிய இடைவெளி வேண்டும். கை நடுக்கம் உள்ளவர் விரல் அடுத்த பொத்தானில் பட்டுவிடும் என்பதுதான் காரணம்.

மூலையில் எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானை வைத்துவிட்டு அணுகல்தன்மை வந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. அந்த வேலையை உலாவியே செய்யும். சுட்டியைக் கழற்றி வைத்து, டேப், என்டர், ஸ்பேஸ், அம்புக்குறி விசைகளால் மட்டும் ஒரு விண்ணப்பத்தை முடித்துப் பாருங்கள். இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்று கோடிட்டுக் காட்டும் கவனக்கட்டம் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லையா? அழகுக்காக யாரோ அந்தக் கோட்டை அழித்திருப்பார்கள். பிறகு என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை நிறுவி, திரையை அணைத்துவிட்டு அதையே மறுபடி செய்யுங்கள். ‘இங்கே சொடுக்கவும்’ என்று பத்து இணைப்பு இருந்தால் எது எங்கே போகும் என்று தெரியாமல் நிற்பீர்கள்.

சட்டமும் இதைக் கேட்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் 42ஆம் பிரிவு தகவல் தொழில்நுட்பத்தைப் பற்றியது. கண் சிமிட்டச் சொல்லும் இணையவழிக் கேஒய்சியை, அதாவது வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பை, எதிர்த்த வழக்கில், டிஜிட்டல் அணுகல் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

சொல்லாட்சி: ‘இத்தளத்துக்கு அணுகல்தன்மை உண்டு’ என்ற ஒற்றை வரி போதாது. ‘அணுகல்தன்மை அறிக்கை’ என்ற தலைப்பில் எந்த நிலைப்படி, எந்தத் தேதியில், எந்தத் திரைவாசிப்பானால் சோதித்தார்கள், இன்னும் எந்தப் பக்கங்கள் சரியாகவில்லை, அதுவரை அந்த வேலையை யாரை அழைத்து முடிக்கலாம் என்று எழுத வேண்டும். அந்த அறிக்கையும் யூனிகோடில் இருக்க வேண்டும்.